கருத்தாய்வுப் பரிசோதனையில் கோளாறா? அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

இணையத்தில் ஒரு வினாக்கொத்தை அனுப்பி, பாதிப் பேருக்கு ஒரு வாசகத்தையும் மீதிப் பேருக்கு வேறொன்றையும் காட்டி, பதில் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் கருத்தாய்வுப் பரிசோதனை. யாருக்கு எது என்பதை எழுமாறாக, அதாவது குலுக்கல் போட்டதுபோல, பிரிக்க வேண்டும். மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சொல்லும்போது சுலபம்தான். தரவு வந்து சேர்ந்த பிறகுதான் "எங்கேயோ உதைக்குதே" என்று தோன்றும். ஆய்வேடு எழுதும் நம் பிள்ளைகளில் அப்படித் தோன்றி விழிப்பவர்களுக்காக இது.

விளக்கத்துக்கு ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: மண்சரிவு எச்சரிக்கை. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என 3 நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருக்கும் ஒருவரிடம் இந்த மில்லிமீற்றர் கணக்கைச் சொன்னால் வீட்டை விட்டுக் கிளம்புவாரா? அல்லது "நிலத்தில் வெடிப்பு, ஊற்றுநீர் திடீரென்று கலங்குவது, மரம் சாய்வது, இதில் எதைக் கண்டாலும் உடனே வெளியேறுங்கள்" என்று சொன்னால் கிளம்புவாரா? முதலாவதை அ வாசகம் என்போம், இரண்டாவதை ஆ வாசகம் என்போம். கீழே வரும் ஆட்கணக்குகள் எல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை.

எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இது பிரிப்புக்கு முன்னால் நடந்ததா, பின்னால் நடந்ததா? முன்னால் நடந்த குழப்பம் இரண்டு பக்கத்தையும் ஒரேமாதிரித்தான் தொடும். பின்னால் நடந்தது ஒரு பக்கத்தை மட்டும் தொட்டிருக்கலாம், ஆபத்து அங்கேதான்.

இரண்டு பக்கமும் ஆட்கணக்கு சமமாக இல்லை

கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு. 400 பேரில் 212க்கு 188 என்று வந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாணயத்தைச் சுண்டினாலும் அப்படி வரும். 230க்கு 170 என்றால் கதை வேறு. கைவர்க்கச் சோதனை (வந்த எண்ணிக்கை எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்பது) போட்டுப் பாருங்கள், அப்படி அமைய ஆயிரத்தில் மூன்றளவு வாய்ப்புக்கூட இல்லை. எங்கோ பிரிப்பு உடைந்திருக்கிறது.

அடுத்து, எண்ணியது யாரை என்று பாருங்கள். முடித்தவர்களை எண்ணினீர்களா, தொடங்கியவர்களை எண்ணினீர்களா? தொடங்கியவர்கள் சமமாக இருந்து முடித்தவர்கள் மட்டும் சமமில்லை என்றால் பிரிப்பில் பிழையில்லை. இடையில் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

தொடங்கியவர்களே சமமில்லை என்றால் பிரித்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். கூகுள் படிவத்தில் ஆட்களைப் பகுதிகளுக்கு எழுமாறாக அனுப்பும் வசதி கிடையாது. கேள்வி வரிசையையும் விடை வரிசையையும் குலுக்கலாம், அவ்வளவுதான். அதனால் பலர் "நீங்கள் பிறந்த திகதி ஒற்றையா இரட்டையா" என்று கேட்டு, விடைக்கேற்பப் பகுதி மாற்றுகிறார்கள். மோசமான யோசனை இல்லை. ஆனால் வருடத்தின் 365 நாளில் 186 ஒற்றைத் திகதி, 179தான் இரட்டை. அதைவிடப் பெரிய சங்கடம், திகதி சரியாகத் தெரியாத பெரியவர்கள் 1, 10, 15 என்று வாய்க்கு வருவதைச் சொல்லிவிடுவார்கள். இன்னும் சிலர் பின்னால் போய் விடையை மாற்றி மற்றப் பக்கத்தையும் எட்டிப் பார்ப்பார்கள். இதைவிட, ஒரே இணைப்பைத் திறந்தால் இரண்டு படிவங்களில் ஒன்றுக்கு எழுமாறாகத் தள்ளிவிடும் சின்னப் பக்கம் ஒன்றைச் செய்வது மேல். கணினி படிக்கும் ஒரு தம்பி பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுப்பார். யாரை எங்கே அனுப்பியது என்பதை அந்தப் பக்கமே பதிந்து வைக்கவேண்டும் என்று மட்டும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் தொடங்கியவர் கணக்கே உங்களிடம் இருக்காது.

ஒரே ஆள் இரண்டு வாசகத்தையும் பார்த்திருக்கிறார்

பெரும்பாலும் மென்பொருளின் வேலை. லைம்சர்வே என்ற கருத்தாய்வு மென்பொருளில் சமன்பாட்டுக் கேள்விக்குள் எழுமாற்று எண்ணை எடுத்தால், பக்கம் மறுபடி திறக்கும்போது எண்ணும் மறுபடி எடுக்கப்படலாம். பின்னால் போய்த் திரும்பியவருக்கு வேறு வாசகம் வந்துவிடும். "ஏற்கெனவே எண் இருந்தால் அதையே வைத்துக்கொள், வெறுமையாக இருந்தால் மட்டும் புதிதாக எடு" என்ற நிபந்தனையோடு எழுதுங்கள். கோபோ டூல்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் எழுமாற்று எண் தரும் ரேண்டம் செயற்கூறை ஒன்ஸ் என்ற செயற்கூறுக்குள் போட்டால் எண் ஒருமுறைதான் எடுக்கப்படும். இரண்டிலும் அந்த எண்ணைத் தரவோடு சேமித்து வையுங்கள். பகுப்பாய்வின்போது அந்த ஆளுக்கு முதலில் எது ஒதுக்கப்பட்டதோ அதுதான் கணக்கு. கடைசியில் எதைப் பார்த்தார் என்பது இல்லை.

ஒரு பக்கத்தில் மட்டும் பாதியில் விட்டுப் போகிறார்கள்

மலைநாட்டில் நான் அதிகம் காணும் கோளாறு இதுதான். கண்டுபிடிப்பது சுலபம், கண்டுபிடித்த பிறகு சரிசெய்வது கடினம்.

அ வாசகம் நாலு வரி எழுத்து. ஆ வாசகத்துக்கு மூன்று படம்: வெடித்த நிலம், கலங்கிய ஊற்று, சாய்ந்த மரம். கெமராவில் எடுத்தபடியே ஏற்றியது, ஒவ்வொன்றும் சில மெகாபைட். ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் கண்மூடித் திறப்பதற்குள் வருகிறது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு பணியக் கணக்கு (தோட்டத்தின் கீழ்ப்பிரிவு) லயத்தில், கூரை விளிம்பில் போனைத் தூக்கிப் பிடித்தால்தான் சிக்னல். அங்கே படம் வருவதில்லை. "தம்பி, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, டேட்டாதான் முடியுது" என்று மூடிவிடுகிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் 200 பேர் தொடங்கினார்கள் என்று வைப்போம். அ பக்கத்தில் 180 பேர் முடித்து, 108 பேர் "உடனே வெளியேறுவேன்" என்றார்கள்: 60 சதவீதம். ஆ பக்கத்தில் 130 பேர்தான் முடித்தார்கள், 91 பேர் வெளியேறுவேன் என்றார்கள்: 70 சதவீதம். படம் போட்டதால் 10 புள்ளி கூடியது என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். காணாமல் போன 70 பேர் யார்? சிக்னல் இல்லாத லயத்தில், ரோட்டிலிருந்து தள்ளி இருப்பவர்கள். இறங்கி வரும் பாதை தூரம் என்பதால் வெளியேறத் தயங்குபவர்களும் அவர்களாகவே இருக்கலாம். அந்த 70 பேரும் "மாட்டேன்" என்று சொல்லியிருப்பார்கள், அ பக்கம் விட்டுப்போன 20 பேரும் "வெளியேறுவேன்" என்றிருப்பார்கள் என்று வைத்தால், ஆ பக்கம் 45.5, அ பக்கம் 64. உங்கள் வெற்றி 18.5 புள்ளித் தோல்வியாகிறது. நேரெதிராக வைத்தால் 80.5க்கு 54, அதாவது 26.5 புள்ளி வெற்றி. உண்மை இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எல்லைகள் இவ்வளவு அகலமானால் அந்தத் தரவு பேசாது, நாமும் அதற்காகப் பேசக்கூடாது. இரண்டு எல்லையையும் ஆய்வேட்டில் அப்படியே போடுங்கள்.

முடிக்காதவர்களை நீக்கிவிட்டு, "மீதமுள்ளோரின் வயது, பால், கல்வி இரு பக்கமும் ஒத்திருக்கிறது" என்று ஓர் அட்டவணை போட்டுத் தப்ப முயல்வார்கள். வயதும் பாலும் ஒத்திருக்கலாம். சிக்னல் ஒத்திருக்குமா?

அடுத்த சுற்றுக்குச் செய்ய வேண்டியவை: வயது, தோட்டம், வீட்டில் எத்தனை பேர், முன்பு மண்சரிவைப் பார்த்ததுண்டா என்ற கேள்விகளை முதலில் முடித்துவிடுங்கள். பிரிப்பு அதற்குப் பிறகு, வாசகம் வரும் பக்கத்துக்கு ஒரு படி முன்னால் நடக்கட்டும். பொறுமையில்லாதவர்கள் அதற்குள் போயிருப்பார்கள், போனவர்கள் அ, ஆ இரண்டில் எதிலும் சேரமாட்டார்கள். முக்கியமான கேள்வியை வாசகத்துக்கு அடுத்த பக்கத்திலேயே கேளுங்கள்; பன்னிரண்டு கேள்வி தள்ளி வைக்காதீர்கள். படம் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் அதே அளவுப் படம் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் நூறு கிலோபைட்டுக்குள் சுருக்கியதாக. அனுப்புவதற்கு முன் இருப்பதிலேயே மோசமான சிக்னல் உள்ள லயத்தில், இருப்பதிலேயே பழைய போனில் திறந்து பாருங்கள். வளாகத்து வைஃபையில் பார்த்துத் திருப்திப்படுவதில் பலன் இல்லை.

வித்தியாசமே வரவில்லை

உடனே "தாக்கம் இல்லை" என்று எழுத வேண்டாம். வரிசையாகச் சோதியுங்கள்.

வாசகம் கண்ணில் பட்டதா? இலங்கையில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். அந்தக் கோப்பிலிருந்து ஒட்டினால் உங்கள் கணினியில் தமிழாகத் தெரிவது அடுத்தவர் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒரு வாசகத்தை ஒருவரும் மற்றதை இன்னொருவரும் தட்டச்சு செய்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் குப்பையாகி, யாரும் சொல்லாமலே போய்விடும். எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். எழுத்துச் சரியென்றால், முக்கியக் கேள்விக்குப் பிறகு ஒரு ஞாபகக் கேள்வி வையுங்கள்: "செய்தியில் ஊற்றுநீர் பற்றிச் சொல்லப்பட்டதா?" இரண்டு பக்கமும் ஒரே அளவில் "ஆம்" வந்தால் யாரும் வாசிக்கவில்லை என்று அர்த்தம். முக்கியக் கேள்விக்கு முன்னால் மட்டும் இதை வைத்துவிடாதீர்கள், அதுவே ஒரு குறிப்பாகிவிடும்.

விடைக்கு ஏற இடம் இருந்ததா? "மண்சரிவு எச்சரிக்கை வந்தால் வெளியேறுவீர்களா?" என்று கேட்டால் எவர்தான் மாட்டேன் என்பார்? "தோட்டச் சம்பளத்தைக் கூட்ட வேண்டுமா?" என்று தோட்டத்திலேயே கேட்பதும் இதே வகைதான். எல்லாரும் உச்சியில் நின்றால் எந்த வாசகமும் அவர்களை மேலே தள்ள முடியாது. கேள்வியைத் தரைக்கு இறக்குங்கள்: "இரவு எட்டு மணி. இந்தச் செய்தி போனில் வருகிறது. மழை விட்டிருக்கிறது. கொட்டிலில் மாடு நிற்கிறது. பாடசாலைக் கட்டடம் ஒரு மைல் தூரம். முதலில் என்ன செய்வீர்கள்?" விடைகளாக, குடும்பத்தோடு உடனே கிளம்புவேன், பக்கத்துக் காம்பராவில் (லயத்து வீட்டில்) என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன், தலைவரிடம் கேட்பேன், விடியும்வரை பார்ப்பேன். இப்படிக் கேட்டால் ஆட்கள் பிரிந்து நிற்பார்கள். அப்போதுதான் வாசகம் வேலை செய்ததா என்று தெரியும்.

ஆட்கள் போதுமா? 50 சதவீதத்திலிருந்து 60க்கு ஏறுவதை 80 சதவீத வலுவோடு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் நூற்றுக்கு 80 தடவை அகப்படும்படி) பிடிக்க, பக்கத்துக்கு ஏறத்தாழ 390 பேர் வேண்டும். 50லிருந்து 55க்கு என்றால் ஏறத்தாழ 1,570 பேர். பக்கத்துக்கு 60 பேரை வைத்துக்கொண்டு 5 புள்ளி வித்தியாசத்தைத் தேடுபவர் தேடவே தொடங்கவில்லை. நம்பிக்கை இடைவெளியை (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சை) பாருங்கள்: கழித்தல் 4 முதல் கூட்டல் 9 வரை என்றால் "தாக்கம் இல்லை" என்று அர்த்தமில்லை, "தெரியவில்லை" என்றுதான் அர்த்தம். இரண்டு வாசகத்துக்குமேல் வைக்க ஆசைப்படுபவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டால் ஆசை தானாக அடங்கும்.

வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்குப் பெரிது

மகிழ்ச்சியடைவதற்கு முன் திகதியையும் ஊரையும் பாருங்கள். முதல் வாரம் அ வாசகம், அடுத்த வாரம் ஆ வாசகம் என்று அனுப்பினீர்களா? நடுவில் ஒரு பெருமழை பெய்திருந்தால் நீங்கள் அளந்தது மழையை. அக்கா ஹட்டனில் அ வாசகத்தையும் தம்பி பதுளையில் ஆ வாசகத்தையும் அனுப்பினார்கள் என்றாலும் அதே கதிதான். மேற்குச் சரிவுக்குத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர்வரை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகுதான் மழை கனக்கும். ஜூன் மாதத்தில் இந்த இரண்டு ஊரும் மண்சரிவைப் பற்றி ஒரே மனநிலையில் இருக்காது. ஒவ்வொரு நாளும், ஒவ்வோர் ஊரிலும் இரண்டு வாசகமும் கலந்து போகவேண்டும். அப்படிப் போயிருந்தால் நடுவில் மழை வந்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறும், வித்தியாசம் கெடாது.

கவனமில்லாதவர்களை நீக்கியதும் முடிவு பளிச்சென்று வந்துவிட்டது

அந்தப் பளிச்சைச் சந்தேகியுங்கள். ஞாபகக் கேள்வியில் தவறியவர்களை நீக்குவது சுத்தம் செய்வதுபோலத் தெரியும். ஆனால் தவறுவதற்கு வாசகமே காரணமாக இருக்கலாம்: நீளமான வாசகத்தில் அதிகம் பேர் தவறுவார்கள், மில்லிமீற்றர் வாசகத்தில் கணக்குத் தெரியாதவர்கள் தவறுவார்கள். நீக்கிய பிறகு இரண்டு பக்கமும் ஒரே வகை ஆட்கள் இல்லை. எழுமாறாகப் பிரித்ததன் பலனை நீங்களே கையால் அழித்துவிட்டீர்கள். கவனத்தைச் சோதிக்க வேண்டுமா, பிரிப்புக்கு முன்னால் சோதியுங்கள். அங்கே தவறியவரை நீக்கினால் பாதகமில்லை. பிரிப்புக்குப் பின் வந்த எதைக் கொண்டும் ஆளைக் கழிக்காதீர்கள்.

இதன் தம்பி ஒருவனும் உண்டு: "மொத்தத்தில் தாக்கம் இல்லை, ஆனால் 35 வயதுக்குக் குறைந்த பெண்களிடம் இருக்கிறது." ஒன்றுமே இல்லாத தரவில் 20 உபகுழுக்களைத் தனித்தனியாக, வழக்கமான 5 சதவீத அளவுகோலில் சோதித்தால், ஒன்றிலாவது "தாக்கம்" தெரிய 64 சதவீத வாய்ப்பு உண்டு. எந்த உபகுழுவைப் பார்க்கப் போகிறோம் என்பதைத் தரவு வருவதற்கு முன் எழுதித் திகதியிட்டு மேற்பார்வையாளருக்கு அனுப்பி வையுங்கள்.

"உங்களுக்குப் படம் வந்ததா? எனக்கு மில்லிமீற்றர்தான் வந்தது"

லயத்தில் எதுவும் ஒரு காம்பராவோடு நிற்காது. ஒரு சுவர், ஒரு தண்ணீர்ப் பீலி, ஒரு வட்ஸ்அப் குழு. அ வாசகம் பார்த்தவர் ஆ வாசகத்தின் திரைப்பிடிப்பைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறார் என்றால் இரண்டு பக்கமும் கலந்துவிட்டது. வித்தியாசம் சுருங்கும், நீங்கள் வாசகத்தைக் குறை சொல்வீர்கள்.

இதற்கு மருந்து, ஆளுக்கு ஆள் பிரிக்காமல் லயத்துக்கு லயம் பிரிப்பது. விலை உண்டு. ஒரு லயத்தில் இருப்பவர்கள் ஒன்றுபோல யோசிப்பதால் ஒவ்வொரு கூடுதல் ஆளும் முழு ஆளாகக் கணக்கில் வரமாட்டார். லயத்துக்கு 20 பேர், அந்த ஒற்றுமையை அளக்கும் உள்ளொற்றுமைக் குணகம் 0.05 என்றால் பெருக்க வேண்டிய எண் 1.95. பக்கத்துக்கு 390 பேர் போதும் என்றிருந்தது 760 ஆகிவிடும். லயங்களின் எண்ணிக்கையும் நிறைய வேண்டும். ஒரு தோட்டத்துக்கு அ, இன்னொரு தோட்டத்துக்கு ஆ என்று வைத்தால் ஆட்கள் ஆயிரம் என்றாலும் உண்மையில் பக்கத்துக்கு ஒன்றுதான். அந்தளவுக்கு வசதியில்லையென்றால் குழுக்களில் இணைப்பைப் போடாமல் தனித்தனியாக அனுப்பி, இரண்டு மூன்று நாளில் மூடிவிடுங்கள். கலப்பு முழுதாக நிற்காது, குறையும்.

ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்பதையும் மறக்க வேண்டாம். மகன் முடித்த பிறகு அம்மா அதே போனில் நிரப்புவார். இருவருக்கும் ஒரே வாசகம் போகும்படி போனில் பதிந்து வையுங்கள், வீட்டை ஓர் அலகாகக் கணக்கிடுங்கள்.

ஒரே மாதிரிப் பதில்கள் குவிகின்றன

பங்குபற்றினால் ரீலோட் (போனுக்குப் பணம்) என்று போட்டால் சிலர் ஐந்துமுறை நிரப்புவார்கள். அதற்காக ஒரே ஐ.பி. முகவரியை எல்லாம் அழித்துவிடாதீர்கள்: கைபேசி வலையமைப்புகளில் சம்பந்தமே இல்லாத பலர் ஒரே முகவரியில் வருவார்கள். மேலே சொன்ன அம்மாவும் அழிந்துவிடுவார். ரீலோட் போகும் தொலைபேசி எண்ணுக்கு ஒன்று என்று வைத்து, ஒரே எண்ணில் பல இருந்தால் முதலாவதை மட்டும் எடுங்கள். அந்த எண்களைப் பதில்களோடு ஒரே கோப்பில் வைக்கக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நினைவில் இருக்கட்டும்.

தமிழில் ஒரு முடிவு, சிங்களத்தில் வேறு முடிவு

மக்கள் வேறா, மொழிபெயர்ப்பு வேறா என்பதை இந்தத் தரவே சொல்லாது. ஒவ்வொரு மொழிக்குள்ளும் தனியாகப் பிரித்து, தனியாகக் கணக்கிடுங்கள். மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூலம் திருப்பி மொழிபெயர்க்கச் செய்து பாருங்கள். மொழிகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தை நிறுவ வேண்டுமென்றால் சாதாரண தாக்கத்துக்கு வேண்டியதைவிடப் பலமடங்கு ஆட்கள் வேண்டும்.

பட்டியல் முறையில் விடை பூச்சியத்துக்குக் கீழே போகிறது

வெளியே சொல்லக் கூசும் விடயங்களுக்கு, உதாரணமாக வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நுண்கடன் எடுத்ததற்கு, ஒரு பக்கத்துக்கு 4 கூற்றும் மறுபக்கத்துக்கு அந்தக் கூற்றையும் சேர்த்து 5 கூற்றும் கொடுத்து "இதில் எத்தனை உங்களுக்குப் பொருந்தும், எது எது என்று சொல்ல வேண்டாம்" என்று கேட்பார்கள். சராசரிகளின் வித்தியாசம்தான் விடை. அது மறைப்பெறுமானமாக, அதாவது பூச்சியத்துக்குக் கீழே, வந்தால், ஒன்றில் ஆட்கள் மிகக் குறைவு, அல்லது கூசும் கூற்றைக் கண்டதும் மொத்த எண்ணையே குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற 4 கூற்றும் எல்லாருக்கும் பொருந்துவதாகவோ எவருக்கும் பொருந்தாததாகவோ இருந்தால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஒன்று பொருந்தினால் இன்னொன்று பொருந்தாத மாதிரிக் கூற்றுகளைச் சேருங்கள். பக்கத்துக்கு 100 பேர் மட்டுமே என்றால் இந்த முறையைத் தொடாதீர்கள்.

உங்கள் மாதிரிச் செய்தி நிஜ எச்சரிக்கையாகச் சுற்றுகிறது

இது மட்டும் தரவுக் கோளாறு இல்லை, உடனே கவனிக்க வேண்டியது. யாரோ திரைப்பிடிப்பு எடுத்து "சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கு, அனுப்புங்க" என்று போட்டுவிட்டால், இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இறங்கிவிடுவார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவைக் கேள்விப்படாத தோட்டம் கிடையாது. அடுத்தமுறை நிஜ எச்சரிக்கை வரும்போது "இதுவும் அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வேலைதான்" என்று படுத்துவிட்டால் அது இன்னும் மோசம்.

படிவத்தை உடனே மூடுங்கள். பரவிய குழுக்களிலேயே மறுப்பைப் போடுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்டத் தலைவர்மாருக்கும் நேரில் அழைத்துச் சொல்லுங்கள், மேற்பார்வையாளருக்கும் ஒழுக்கநெறிக் குழுவுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அதுவரை வந்த பதில்களையும் மூடிய நேரத்தையும் அப்படியே பதிந்து வையுங்கள். மறுபடி தொடங்குவதானால், "ஆய்வுக்கான மாதிரி, உண்மை எச்சரிக்கை அல்ல" என்ற வரி படத்தின் மேல் குறுக்காகவே இருக்க வேண்டும், வெட்டி எடுத்தாலும் போகாதபடி. அது தாக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், குறைக்கட்டும். நிறுவனத்தின் சின்னத்தைப் போடாதீர்கள், நிஜ மண்சரிவுப் படங்களையும் போடாதீர்கள். அந்தப் பகுதிக்கு மழை கனக்கும் மாதங்களைத் தவிருங்கள். கடைசிப் பக்கத்தில் இது எதற்காக என்று விளக்கி, நிஜ எச்சரிக்கைகளை எங்கே பார்ப்பது என்பதையும் எழுதி வையுங்கள். பாதியில் விட்டுப் போனவர்கள் அந்தப் பக்கத்தைக் காணமாட்டார்கள் என்பதால், அதே விளக்கத்தை இணைப்பு அனுப்பிய எல்லாருக்கும் தனிச் செய்தியாகவும் அனுப்புங்கள்.